பெருவிரல் பேசுமா?

எழுத்தறியா ஏழைக்கு ஒரு காலத்தில் அவனுடைய பெருவிரலே பகையாக இருந்தது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவனுக்குத் தெரியாது; படித்துக் காட்டுங்கள் என்று கேட்கத் துணிவும் கிடையாது. மை தடவினார்கள், அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினான். நூறு ரூபாய்க் கடன் ஆயிரமாயிற்று; அவன் காணி, கடன் கொடுத்தவன் காணியாயிற்று. கைநாட்டு ஒழியட்டும், கல்வி பரவட்டும் என்ற முழக்கம் வெறும் மேடை அலங்காரமன்று. அந்தக் கொள்ளைக்கு அடைத்த கதவு அது.

அந்தக் கதவு அடைபட்ட வீட்டில் இன்று வேறொரு சன்னல் திறந்து கிடக்கிறது. ஆசிரியை ஒருவர் எனக் கொள்வோம். நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தவர், கணக்கில் புலி, கடிதம் எழுதினால் ஒற்றுப்பிழை இராது. எழுபத்தைந்தாம் அகவையில் மறதி நோய் அவரைப் பற்றுகிறது. காலையில் உண்டதை நண்பகலில் மறக்கிறார். மகனைத் தம்பி என்று அழைக்கிறார். கையிலிருப்பது ஐந்நூறா ஐம்பதா என்று திகைக்கிறார். அவரை உறவினர் ஒருவர் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு அழைத்துச் செல்கிறார். "இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு ரேகை" என்கிறார். படித்தவர்தான், கையெழுத்திடுகிறார். படித்தும் என்ன பயன்? கை இருக்கிறது, கையை ஏவிய கருத்து இல்லை. எழுத்து இருக்கிறது, எழுத்தின் பொருள் எங்கோ போய்விட்டது.

அந்தக் கையெழுத்து யாருடையது? அந்தப் பெருவிரல் பேசுவது யாருடைய பேச்சு? தடுக்க எழுபவனுக்கு அந்த உரிமையைத் தந்தது யார்? இவற்றை எண்ணிப் பார்க்கத்தான் தோழர்களை அழைக்கிறோம்.

முதலில் நோயை அறிவோம். அறியாத இடத்தில்தானே பூசாரி புகுவான்! மூதாட்டி பிதற்றினால் முன்வினை என்பான். இரவில் எழுந்து நடந்தால் ஏவல் என்பான். பரிகாரம் என்ற பெயரால் பணம் பறிப்பான். டிமென்ஷியா என்று மருத்துவர் குறிக்கும் இந்நோய் வினையுமன்று, ஏவலுமன்று. மூளையின் உயிரணுக்கள் சிதைவதால் வரும் கேடு. 1906ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், செர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில், அலாய்ஸ் அல்சைமர் என்பார், நினைவு குலைந்து மாண்ட ஒரு பெண்மணியின் மூளையில் தாம் நுண்ணோக்கி வழியே கண்ட படிவுகளையும் சிக்கல் முடிச்சுகளையும் விளக்கினார். 1910இல் எமில் கிரெப்பலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமர் பெயரையே சூட்டினார். மறதி நோய் வகைகளுள் இன்று மிகுதியாகக் காணப்படுவது அதுவே. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 100க்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதி நோயுற்றவர்கள் என்று 2023இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது.

முதுமையின் மறதியெல்லாம் நோயன்று. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது முதுமை. மூக்குக் கண்ணாடி எதற்கு என்றே தெரியாமல் விழிப்பது நோய். அந்த நோய் தொடக்கத்திலேயே தின்னத் தொடங்குபவற்றுள் ஒன்று பணக் கணக்கு. 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, மருத்துவர் நோயைக் கண்டு சொல்வதற்கு ஆறாண்டுகள் முன்பிருந்தே கடன் தவணைகள் தவறத் தொடங்கியதைக் காட்டியது. மருத்துவர் அறியுமுன் கணக்கேடு அறிகிறது! கணக்கேடு அறிந்ததை, அந்த வீட்டுக்கு வந்து போகும் வஞ்சகனும் அறிகிறான். நாம் மட்டும், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று வாளாவிருக்கிறோம்.

இனி வழக்குக்கு வருவோம். ஆசிரியையின் ஓய்வூதியம் மாதந்தோறும் வங்கிக்கு வருகிறது. வந்த மறுநாளே ஏ.டி.எம். வழியாக வெளியேறுகிறது. வீட்டுப் பத்திரம் பீரோவில் இல்லை. பத்தாண்டுக் காலம் எட்டிப் பாராத தங்கை மகன், ஆறு மாதமாக அன்பின் வடிவாக அமர்ந்திருக்கிறான். கேட்டால், "பெரியம்மாவே மனமுவந்து கொடுத்தார்கள்" என்கிறான். பெரியம்மாவைக் கேட்டால், "ஆமாம், நல்ல பிள்ளை" என்கிறார். அடுத்த நாள் கேட்டால், "யார் அவன்?" என்கிறார்.

இங்கே மூன்று குரல்கள் எழும். மூன்றையும் உரைத்துப் பார்ப்போம்.

முதல் குரல் உரிமையின் பெயரால் பேசுகிறது. "சொத்து அவருடையது, கொடுப்பதும் கொடாமையும் அவர் விருப்பம். முதியவர் என்பதால் அவர் உரிமையைப் பறிப்பீரோ? தன்மான இயக்கத்தார் பேசும் பேச்சா இது?" என்று கேட்கிறது. வலிய கேள்விதான். ஒருவன் தன் பொருளை முட்டாள்தனமாகச் செலவிடும் உரிமையும் உரிமையே. அதை மறுப்பவன் நாளை நமக்கெல்லாம் காப்பாளனாகிவிடுவான்.

ஆனால், உரிமைக்கு வரம்பெழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் தந்த எடுத்துக்காட்டு ஒன்றை நினைவூட்டுவோம். பழுதுற்ற பாலத்தில் ஒருவன் கால் வைக்கப் போகிறான், பாலம் பழுது என்பது அவனுக்குத் தெரியாது, எச்சரிக்க நேரமுமில்லை. கையைப் பற்றி இழுத்தால் அவன் உரிமையைப் பறித்ததாகுமா? ஆகாது என்றார் மில். ஆற்றில் விழ வேண்டும் என்பது அவன் விருப்பமன்று. விருப்பம் என்பதற்குள் அறிவு அடங்கியிருக்கிறது. எதைக் கொடுக்கிறோம், எவருக்குக் கொடுக்கிறோம், கொடுத்தபின் நமக்கு எஞ்சுவது என்ன என்ற மூன்றும் தெரியாமல் நிகழும் கொடை, கொடையன்று. பாரி தேரைக் கொடுத்தது கொடை. தேர் இன்னதென்று அறியாதவனிடமிருந்து தேரை ஓட்டிச் சென்றால் அதற்குப் பெயர் வேறு!

சட்டமும் இதையே சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்யும் அந்த வேளையில் அதைப் புரிந்துகொள்ளவும், தம் நலனுக்கு அதனால் வருவது நன்மையா தீமையா என்று ஆராய்ந்து முடிவு செய்யவும் வல்லவரையே தெளிந்த மனத்தினர் என்கிறது. வயதாலோ நோயாலோ மனவலிமை குன்றியவரோடு ஒப்பந்தம் செய்பவன், அவரை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவனாகவே கொள்ளப்படுவான் என்கிறது. அப்படிப்பட்டவன் அநியாயமான ஆதாயம் அடைந்ததாகத் தோன்றினால், "நான் அவரை வற்புறுத்தவில்லை" என்று மெய்ப்பிக்கும் சுமை அவன் தலையில்தான். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமோ, ஆவணம் எழுதிக்கொடுப்பவர் மனத்தெளிவற்றவராகத் தோன்றினால் பதிவை மறுக்கும்படி சார்பதிவாளரைப் பணிக்கிறது. சட்டம் உறங்கவில்லை, சட்டத்தை எழுப்ப வேண்டியவர்கள் உறங்குகிறார்கள்.

இரண்டாம் குரல் இதற்கு நேர் எதிர். "அப்படியானால் எல்லாவற்றையும் பிடுங்கிப் பூட்டி வையுங்கள்! அவர் கையில் காசே வேண்டாம், கதவுக்கு வெளியே கால் வைக்க வேண்டாம், பேச வந்தவனை வாசலோடு விரட்டுங்கள்" என்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் பேசும் இக்குரலில் சிறைக்காவலனின் சாவிக்கொத்து குலுங்குவது கேட்கவில்லையா? பெண்ணைக் காக்கிறோம் என்று சொல்லித்தானே பெண்ணைப் பூட்டினார்கள்!

மறதி நோய் விளக்கை ஊதி அணைப்பதுபோல் ஒரே நாளில் அறிவை அணைப்பதன்று. வீட்டை விற்பதன் விளைவை எடைபோட இயலாதவர், எந்தச் சேலை வேண்டும், யார் அருகிலிருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்வார். காலையில் தெளிவும் மாலையில் குழப்பமும் வரலாம். ஆகவே, "இவருக்கு அறிவு உண்டா, இல்லையா?" என்ற கேள்வியே பிழை. "இந்த முடிவை, இந்த வேளையில், இவர் புரிந்து எடுக்க வல்லவரா?" என்பதே முறையான கேள்வி. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மன ஆற்றல் சட்டம் இதையே அடிப்படையாகக் கொண்டது. ஆற்றல் இல்லை என்று மெய்ப்பிக்கும்வரை ஆற்றல் உண்டென்றே கொள். முடிவு மடமையானது என்பதாலேயே முடிவெடுத்தவர் ஆற்றலற்றவர் என்று சொல்லாதே. தலையிட நேர்ந்தால் உரிமையை மிகக் குறைவாகத் தொடும் வழியைத் தேர்ந்தெடு என்று அது விதிக்கிறது.

இன்னும் ஆழமான கேள்வி ஒன்றுண்டு. அன்றைய ஆசிரியையும் இன்றைய மூதாட்டியும் ஒருவர்தாமா? நினைவுத் தொடர்ச்சியே ஒருவரை அவராக்குகிறது என்றார் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் ஜான் லாக். அது முற்றும் மெய்யானால், நினைவிழந்தவர் வேறொருவராகிவிடுகிறார். அன்று அவர் எழுதிவைத்த விருப்பம் இன்று யாரையும் கட்டாது. அமெரிக்கச் சட்ட அறிஞர் ரொனால்டு டுவர்க்கின் 1993இல் இதற்கு மாறாக வாதிட்டார்: தெளிந்த நாளில் ஒருவர் தம் வாழ்வுக்கு வகுத்த வடிவத்தை நோய் வந்தபின்னும் மதிப்பதே அவரை மதிப்பது என்றார். இன்று உயிரோடு நம் முன்னே இருப்பவரின் இன்ப துன்பத்தைப் புறக்கணித்து, நேற்று எழுதிய தாளை வணங்குவதா என்று ரெபெக்கா டிரெசர் அவரை மறுத்தார்.

நாம் என்ன சொல்வோம்? மனிதன் நினைவு மட்டுமல்லன். அவரைச் சூழ்ந்த உறவும், அவர் செய்த செயலும், அவர் கொண்ட கொள்கையும் அவர் மறந்தாலும் மறைவதில்லை. மாணவன் ஒருவன் தெருவில் அவரை வணங்கும்போது, அவர் மறந்த ஆசிரியை அவன் உள்ளத்தில் வாழ்கிறார். ஆகவே வீடு, நிலம், சேமிப்பு போன்ற பெரும் பொருள்களில், அவர் தெளிந்த நாளில் கொண்ட நோக்கமே வழிகாட்டட்டும். உணவு, உடை, பாட்டு, பேச்சு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மிட்டாய் வாங்கித் தரும் பத்து ரூபாய் ஆகியவற்றில் இன்றைய அவருடைய விருப்பமே அரசாளட்டும். பத்து ரூபாயைத் தடுப்பவன் காவலனல்லன். பத்து இலட்சத்தைத் தடுக்காதவனும் காவலனல்லன்.

மூன்றாம் குரல் மெல்லப் பேசும். "குடும்ப விவகாரம், தெருவுக்குக் கொண்டுவரலாமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று கேட்கும். மனைவியை அடித்தவன் சொன்னதும் இதைத்தான். மகளின் பங்கை மறுத்தவன் சொன்னதும் இதைத்தான். தமிழ்நாட்டில் 1989இல் மகளுக்கும் பரம்பரைச் சொத்தில் சம உரிமை தந்த சட்டம் குடும்பத்திற்குள் புகுந்துதானே நீதி செய்தது? குடும்பம் அன்பின் இருப்பிடமாக இருக்கும்போது அதை மதிப்போம். கொள்ளையின் மறைவிடமாகும்போது கதவைத் தட்டுவோம்.

ஆனால், தட்டுமுன் ஒன்று. ஐயம் வேறு, தீர்ப்பு வேறு. "எதையும் ஐயுறு" என்று பிறருக்குச் சொல்லும் நாம், நம் ஐயத்தையும் ஐயுற வேண்டும். பொருளை எங்கோ வைத்து மறந்துவிட்டு, "திருடிவிட்டார்கள்" என்று பழி சுமத்துவது இந்நோயின் நன்கறிந்த அறிகுறி. அந்தப் பழி யார் மேல் விழுகிறது? இரவும் பகலும் அருகிலிருந்து சோறூட்டி, உடல் துடைத்து, உறக்கமிழந்து பணி செய்யும் மருமகள் மேல். மாதச் சம்பளத்திற்கு வரும் ஏழைப் பணிப்பெண் மேல்! ஆண்டுக்கொரு முறை பழக்கூடையோடு வந்து போகும் உறவினர், "வேலைக்காரியைப் பிடித்து விசாரியுங்கள்" என்று எளிதில் சொல்லிவிடுகிறார். சாதியும் வறுமையும் ஏற்கெனவே யாரைக் குற்றவாளியாக வரைந்து வைத்திருக்கின்றனவோ, அவரையே நம் ஐயமும் தேடிச் செல்லுமானால் அது பகுத்தறிவன்று. பழைய பாகுபாடு புது வேடம் பூண்டு வந்ததாகும்.

நியூயார்க் நகரின் பெருஞ்செல்வப் பெண்மணி புரூக் ஆஸ்டரின் வழக்கை எண்ணுங்கள். அல்சைமர் நோயுற்ற அந்த மூதாட்டியின் நலன் காக்கப்படவில்லை என்று 2006இல் நீதிமன்றம் ஏறியவர் அவருடைய பேரன். 2007இல், 105 வயதில், அவர் மறைந்தார். 2009இல் அவர் பொருளைச் சுரண்டிய குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவர் பணிப்பெண்ணல்லர், பெற்ற மகன்! உடன் தண்டிக்கப்பட்டவர் ஒரு வழக்கறிஞர். சம்பளத்திற்கு வந்த செவிலியரோ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். குருதி உறவு நேர்மைக்குச் சான்றிதழன்று. கூலி உறவு திருட்டுக்கு அடையாளமுமன்று.

ஆகவே, ஆளைப் பார்க்காதீர்கள், தாளைப் பாருங்கள். வங்கிப் புத்தகத்தில் பணமெடுப்பு எப்போது பெருகியது, யார் வந்த பிறகு பெருகியது என்று தேதி வாரியாகக் குறியுங்கள். பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று வாங்கினால் வீடு கைமாறியதா என்பது தெரியும். நோய் எந்த அளவில் இருந்தது என்று அந்தக் காலத்திலேயே மருத்துவர் எழுதிய குறிப்பு, பின்னர் நூறு சாட்சிகளுக்குச் சமம். அவரைத் தனியே, அமைதியாக, அச்சுறுத்தாமல் கேளுங்கள். ஐயத்துக்கு ஆளானவரையும் கணக்குக் கேளுங்கள். மருந்துக்கும் உணவுக்கும் செலவிட்டவர் சீட்டைக் காட்டுவார். சுரண்டியவர் சீற்றத்தைக் காட்டுவார். சீட்டு இல்லாததாலேயே ஒருவர் திருடராகிவிடார் என்பதையும் மறவாதீர்கள்.

ஐயம் உறுதிப்பட்டால் தயங்க வேண்டா. வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம். தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறித்திருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் தரலாம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தை அணுகலாம். பராமரிப்பதாக ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால், அந்தக் கொடையைச் செல்லாதென அறிவிக்க அதன் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. முதியவரால் தாமே உரிமையை நிலைநாட்ட முடியாதபோது அமைப்புகள் அவர் சார்பில் நடவடிக்கை எடுக்கவும் இடமளிக்கிறது. பராமரிப்பு நிபந்தனை இருந்தது என்பது நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025 ஜனவரியில், முதியோர் நலன் நோக்கிச் சட்டத்துக்குத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும் கூறியது. தானப் பத்திரம் எழுதும் பெற்றோர் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் வீண் வழக்கு நேராது. அன்பைச் சட்டமாக எழுதலாமா என்று கூசுவோர் உண்டு. எழுதினால் நல்ல பிள்ளைக்கு நட்டமென்ன?

ஆயினும் சட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு, அது சிறிதன்று. "பவர்" என்று மக்கள் சொல்லும் அதிகாரப் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவு இழந்தால், பத்திரமும் உயிரிழக்கிறது. குடை மழை வந்ததும் மாயமாவதைப்போல, எந்த நாளில் தேவையோ அந்த நாளில் அது பயன்படாது! 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில், மனநோயுற்றவர் சொத்தை மேற்பார்க்க ஒருவரை மாவட்ட நீதிமன்றம் அமர்த்தும் வழி இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைத் தந்தது, போற்றுகிறோம். சொத்துப் பற்றிய ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டது, வருந்துகிறோம். நினைவு இழந்து கிடப்போரின் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருக்கிறது. அதற்கென 2019இல் கேரள உயர் நீதிமன்றம் நெறிமுறைகளே வகுத்தது. உயர் நீதிமன்றம் ஏற எத்தனை ஏழைகளால் முடியும்? இங்கிலாந்தில் தெளிந்த நாளிலேயே ஒருவர் தம் நம்பிக்கைக்குரியவரை அமர்த்தி, பொது அலுவலகத்தில் பதிந்து வைக்கலாம். நோய் வந்தபின்னும் அது நிலைக்கும். அத்தகைய ஏற்பாடு இங்கும் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதன்று, உரிமை கேட்பது.

காவலன் வந்தால் காவலனைக் காப்பது யார் என்ற கேள்வியும் வரும். விடை எளியது: கணக்கு. ஒருவர் பணத்தைக் கையாளட்டும். மற்றொருவர் கணக்கைப் பார்க்கட்டும். ஆண்டுக்கொரு முறை அனைவர்முன்னும் அது படிக்கப்படட்டும். பணிவிடை செய்பவருக்கு, அவர் மகளானாலும் மருமகளானாலும், உழைப்புக்குரிய தொகையை வெளிப்படையாக வகுத்துக் கொடுங்கள். கடமை, தியாகம் என்று புகழ்ந்துவிட்டு ஒரு காசும் தராமல், பிறகு அவர் எடுத்த காசை எண்ணுவது நேர்மையாகுமா? வெளிப்படையாகக் கொடுக்கும் இடத்தில் ஒளித்தெடுக்கும் தேவை குறைகிறது. ஐயத்தின் வேரும் காய்கிறது.

இளைஞர்களே! புறநானூற்றில் கோலூன்றிய முதியவர் ஒருவர், மடுவில் பாய்ந்து விளையாடிய தம் இளமையை எண்ணி ஏங்குகிறார். ஏங்குவதற்கேனும் அவருக்கு நினைவு இருந்தது. அந்த நினைவும் அற்றவர் உங்கள் தெருவில் இருக்கலாம். உங்கள் வீட்டில் இருக்கலாம். அவர் நன்றி சொல்ல மாட்டார், உங்களை மறந்துவிடுவார். வாக்களிக்கவோ வாழ்த்துரைக்கவோ வரமாட்டார். திருப்பித் தர இயலாதவருக்குச் செய்யும் நீதியில்தான் ஒரு கொள்கையின் உண்மை உரைத்துப் பார்க்கப்படுகிறது.

எழுத்தறியாதவனின் பெருவிரலைக் காக்க ஊரூராகச் சென்று இரவுப் பள்ளி நடத்தியவர்கள் உண்டு. நினைவிழந்தவரின் பெருவிரலைக் காக்கும் பணி அதனினும் சிறிதன்று. இந்த வாரமே உங்கள் வீட்டு முதியவரோடு அமருங்கள். அவர் தெளிவாக இருக்கும்போதே, எதை எவருக்குத் தர விரும்புகிறார், எவரை நம்புகிறார், எப்படி வாழ விரும்புகிறார் என்று கேட்டு, அவர் சொற்களிலேயே எழுதி, சாட்சிகளோடு பதிந்து வையுங்கள். பெருவிரல் பேசாது, பேச வேண்டியவர் அவர்தாம். அவர் பேசக்கூடிய நாளில் கேட்டு வையுங்கள்.